நோட்டீஸின் கடைசி வரி

தம்பி, அந்த பஸ் போகட்டும், விடுங்கள். அரை மணிக்கு ஒன்று வருகிறது. காலை ஒன்பதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உட்காருங்கள். உங்களை எனக்குத் தெரியும். போன மாதம் ஏரிக்கரைப் பூங்காவில் தமிழ்ச் சங்கத்துப் பிக்னிக் நடந்ததே, அங்கே மோர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றீர்கள். கழுத்தில் இதே அட்டை, இதே பச்சை இலை முத்திரை. வேலையிலிருந்து நேரே வந்தவர் மாதிரி கண் சிவந்திருந்தது. எல்லாரும் காரில் கிளம்ப, நீங்கள் ஒருவர்தான் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் முகம் மறக்கவில்லை. நான் உங்கள் கையில் ஒரு காகிதம் கொடுத்தேன். நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள்.

அந்தக் காகிதம் எனக்குத் திரும்ப வேண்டும், தம்பி.

எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்டால் கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள். அதனால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எதிரே இருக்கிறதே, நீங்கள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி, அதன் மூன்றாவது மாடியில் என் மகள் இப்போது நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருக்கிறாள். பத்தரைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். அவளுக்கு மிச்சம் இருப்பது நாலு நாள். வருகிற திங்கட்கிழமை எங்காவது வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த நாட்டில் அவள் இருக்கக்கூடாது.

என் கையைப் பார்க்கிறீர்கள். இது சர்க்கரை இறங்கினதால் வந்த நடுக்கம் இல்லை. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, பத்தொன்பது வருஷமாக. "வேர்வை, நடுக்கம், படபடப்பு வந்தா பயம்னு நினைக்காதீங்கப்பா. சர்க்கரை இறங்குதுன்னு நினைச்சு உடனே ஒரு மிட்டாய் போடுங்க" என்று என் மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். போட்டேன். இரண்டு கடலை மிட்டாய். நிற்கவில்லை. விரலைக் குத்தி மீட்டரில் பார்த்தேன். இருநூற்றுப் பத்து. ஆக இது சர்க்கரை இல்லை, பயம். மீட்டர் வைத்து நிரூபித்தாயிற்று.

எனக்கு வயது எழுபத்தொன்று. திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளர் சங்கத்தில் முப்பத்தெட்டு வருஷம் செயலாளர். தடியடியில் இந்த இடது முழங்கை இரண்டு தரம் உடைந்திருக்கிறது. பதினோரு தரம் கைது. விசாவுக்குப் படிவம் போடும்போது கைதானது உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. பதினொன்று என்று போடச் சொன்னேன். என் மகள் இல்லை என்று போட்டுவிட்டாள். கல்யாண மண்டபத்தில் அடைத்து, பொட்டலச் சோறு கொடுத்து, சாயங்காலம் விட்டது எல்லாம் கைது இல்லையாம். நாலு நாள் அவளோடு பேசவில்லை.

அந்த நாளில் பயம் என்றால் எதிரில் ஒரு ஆள் இருப்பான், தம்பி. தொப்பி இருக்கும், தடி இருக்கும், எந்த ஊர்க்காரன் என்று கூடத் தெரியும். இங்கே ஆளே இல்லை. கணினித் திரையில் ஒரு எண். தினமும் ஒன்று கூடுகிறது. யாரைப் பார்த்து கோஷம் போடுவது?

தொண்ணூறு நாள் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதா? இங்கே படித்து முடித்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு, ஒரு வருஷம் வேலை பார்க்கலாம் என்று ஒரு அட்டை தருகிறார்கள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலையாக இருக்க வேண்டும். அந்த வருஷத்தில் வேலையில்லாமல் இருக்கிற நாள் மொத்தம் தொண்ணூறைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அட்டை செல்லாது. நான் எத்தனையோ சட்டம் படித்திருக்கிறேன். வேலையில்லாதவனை வேலையில்லை என்பதற்காகவே தண்டிக்கிற சட்டத்தை இங்கேதான் பார்க்கிறேன். இதை வைத்தே ஒரு நோட்டீஸ் போடலாம். போட மாட்டேன். பயப்படாதீர்கள்.

என் மகள் பெயர் கிளாரா. அவள் அம்மா, லூர்து என்று பெயர், புனித கிளாரம்மாளை நினைத்துக்கொண்டு சம்மதித்தாள். நான் நினைத்தது ஜெர்மனிக்காரி ஒருத்தியை, எங்கள் செங்கொடி இயக்கத்தில் மூத்தவள். லூர்துவிடம் கடைசி வரை சொல்லவில்லை.

லூர்து போனது சர்க்கரையில்தான். செருப்புக்குள் ஒரு சின்ன ஆணி கிளம்பியிருந்தது. அவளுக்குப் பாதத்தில் உணர்ச்சி இல்லை, ஆணியோடு பத்து நாள் நடந்திருக்கிறாள். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு கணுக்கால் வரை எடுத்தார்கள். அது மில்லில் பயிற்சிப் பெண்கள் போராட்டம் நடந்த சமயம். மூன்று வருஷம் பயிற்சி, பயிற்சிதானே என்று அரைக் கூலி, முடித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை லாரியில் ஏற்றிவருவான் முதலாளி. அந்தத் திட்டத்தை உடைக்க ஆறு மாதம் வீடு தங்காமல் அலைந்தேன். கட்டுப் போட்டது, கழுவினது எல்லாம் பத்தாவது படித்துக்கொண்டிருந்த கிளாரா. எந்த டாக்டரும் எங்களுக்கு ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. லூர்துவும் காலில் இப்படி இருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை இங்கே வந்த புதிதில் கிளாராவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "சொன்னாங்கப்பா. நீங்க ஃபோன்ல மைக் செட்டுக்குப் பேசிட்டிருந்தீங்க" என்றாள்.

எனக்கு நினைவில்லை.

அதனால்தான் இந்தப் படிப்பு. ஊட்டச்சத்தில் மேல்படிப்பு, அதற்கு மேல் ஒரு பரீட்சை. சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. மருந்து எழுதுவது இல்லை. உட்கார வைத்து, என்ன சாப்பிடலாம், ஊசியை எங்கே எப்படிப் போடுவது, பாதத்தை எப்படிப் பார்ப்பது என்று பொறுமையாகச் சொல்வது. மக்களுக்கு விளக்கிச் சொல்வது. அது என்னிடமிருந்து போனது. நான் எட்டாவதோடு நின்றவன். மீதியெல்லாம் சங்கத்து அறையில் கிடந்த சிறு வெளியீடுகளில் படித்ததுதான். ஆனால் உபரி மதிப்பு என்றால் என்ன என்று எம்.ஏ. படித்தவனுக்கு நான் பாடம் எடுப்பேன்.

வேலை தேடினாள். எழுபத்து மூன்று இடத்துக்கு விண்ணப்பம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒரு கேள்வி, இப்போதோ பிறகோ உனக்கு விசாவுக்கு நாங்கள் உதவ வேண்டியிருக்குமா என்று. ஆமாம் என்று போட்டால் அரை மணி நேரத்தில் நன்றி, வருத்தம் என்று கடிதம் வரும். அந்த வடிகட்டியில் தப்பினால் அடுத்தது. இந்தத் தொழிலுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு ஆயிரம் மணி நேரம் நோயாளிகளோடு வேலை பார்த்திருக்க வேண்டும். வேலை பார்க்கச் சான்றிதழ் கேட்கிறார்கள். இப்படியே அறுபத்தொரு நாள் போய்விட்டது.

அறுபத்தோராவது நாள் ஒரு இடம் கிடைத்தது. ஒரு சர்ச் நடத்துகிற இலவச மருத்துவமனை. இன்ஷூரன்ஸ் இல்லாத ஏழைகள் வருகிற இடம். டோரீன் என்று ஒரு வயதான நர்ஸம்மாதான் தலைமை. வாரம் இருபத்துநாலு மணி நேரம் சர்க்கரை நோயாளிகளைக் கிளாரா பார்த்துக்கொள்ளலாம். சம்பளம் கிடையாது.

சம்பளம் கிடையாது. இதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். நான் வந்து இறங்கின மறுநாள் சொன்னாள். பயிற்சி மாதிரிப்பா என்றாள். பயிற்சி. என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்கிறாள்.

அவள் எனக்கு விளக்காமல் இல்லை. விளக்கினாள். சம்பளம் இல்லாவிட்டாலும் வாரம் இருபது மணிக்கு மேல் செய்தால் சட்டப்படி அது வேலைதானாம். டோரீன் அம்மா மாதாமாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற கடிதத்தால் நாள் கணக்கு அறுபத்தொன்றிலேயே நிற்குமாம். ஆயிரம் மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருமாம். நடுவில் சம்பளமுள்ள வேலையைத் தேடிக்கொள்ளலாமாம். நான் எல்லாவற்றையும் கேட்டேன். மில் முதலாளியும் இதையேதான் சொன்னான், தம்பி. உங்கள் நல்லதுக்குத்தான், சான்றிதழ் தருகிறோம், பாதுகாப்பாக இருக்கிறீர்கள். வார்த்தைக்கு வார்த்தை அதே பேச்சு.

ஒரு நாள் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். போயிருக்கக் கூடாது. ஒரு சின்ன அறை. மேஜை மேல் பிளாஸ்டிக்கில் செய்த சோறு, ரொட்டி, கோழிக்கால், எவ்வளவு சாப்பிடலாம் என்று அளவு காட்ட. ஊசி குத்திப் பழக ஒரு ஆரஞ்சு. கறுப்பினத்துப் பெரியவர் ஒருவர் வந்தார், லாரி ஓட்டுகிறவர், மலை மாதிரி உடம்பு. காலுறையைக் கழற்றச் சொன்னாள். தரையில் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை வைத்தாள். அதற்கு மேல் பாதத்தைத் தூக்கி, தினமும் குளித்ததும் இப்படிப் பாருங்கள் என்று காட்டினாள். வயிறு மறைத்துப் பத்து வருஷமாக என் உள்ளங்காலை நான் பார்த்ததே இல்லை, மிஸ் சூசை, என்று அவர் சிரித்தார். சூசை என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கிளாராவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் அப்பா பெயர்தானே பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர். அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் கிளாரா சூசைமாணிக்கம் என்று முழுசாகவே இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் கண்ணாடியைப் பார்த்ததில் கண்ணில் ஏதோ தூசி விழுந்துவிட்டது. வெளியே வந்து நின்றேன். இன்றைக்கு எத்தனை மணி நேரம் என்று திரும்பும்போது கேட்டேன். ஆறு என்றாள். ஆறு மணி நேரம், இவ்வளவு திறமை, கையில் ஒன்றும் இல்லை. எனக்குள் பற்றிக்கொண்டது. நாற்பது வருஷப் பழக்கம், தம்பி. பற்றிக்கொண்டால் பேனாவை எடுத்துவிடுவேன்.

நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். முன்பக்கம் தமிழ். பின்பக்கம் இங்கிலீஷ், ஃபோன் மொழிபெயர்த்துக் கொடுத்தது, நூலகத்தில் ஒரு அம்மா ஒன்றிரண்டு இடத்தைத் திருத்தினாள். அங்கேயே ஒரு பொத்தானை அழுத்தினால் பிரதி வந்து விழுகிறது. திண்டுக்கல்லில் மணிக்கூண்டுப் பக்கத்து அச்சகத்தில் எழுத்துக் கோத்து, மை காயக் காத்துக் கிடந்தவன் நான். இங்கே அறுபது பிரதியும் சூடாக வந்தது. கேளுங்கள், தலைப்பு எனக்கு மனப்பாடம். "கூலியில்லா உழைப்பு: சர்க்கரை பார்க்க ஒரு சொட்டு இரத்தம் எடுப்பவர்கள், உழைப்பவர் உடம்பில் மிச்சத்தை எடுக்கிறார்கள்." இப்படி ஒரு வரி எனக்குப் பத்து வருஷமாக அமையவில்லை.

கிளாரா பெயரை நான் போடவில்லை. அந்த அளவுக்கு அறிவில்லாதவன் இல்லை. பாதிக்கப்பட்டவர் பெயரை நோட்டீஸில் போடக்கூடாது என்பது சங்கத்தில் சேர்ந்த முதல் வாரம் படிக்கிற பாடம். வெளிநாட்டு மாணவியர் என்றுதான் போட்டேன். ஆனால் கடைசி வரி என்று ஒன்று இருக்கிறது. வெளியிடுபவர் பெயர். அது இல்லாமல் அச்சகத்திலேயே வாங்க மாட்டார்கள். கதவடைப்பு நடந்த வருஷம் என்னைப் பற்றி ஒரு மொட்டை நோட்டீஸ் ஊர் முழுக்க ஒட்டினார்கள். மில் பணத்தை வாங்கிக்கொண்டு நான் வீடு கட்டுகிறேனாம். யார் போட்டது என்று இன்று வரை தெரியாது. அன்றைக்கு முடிவு செய்தேன். செத்தாலும் மொட்டை நோட்டீஸ் போட மாட்டேன். பெயர் போடப் பயந்தவன் பேசவே கூடாது. முப்பத்தெட்டு வருஷத்தில் நானூறு நோட்டீஸுக்கு மேல் போட்டிருப்பேன், ஒன்றிலும் கடைசி வரி விட்டுப்போனது கிடையாது. இதிலும் போட்டேன். வெளியிடுபவர்: வி. சூசைமாணிக்கம், மேனாள் செயலாளர்.

முகம் மாறுகிறது. உங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை, தம்பி. மிஸ் சூசை என்று காதால் கேட்டு எழுந்து நின்றவன்தான். அப்படியும் புரியவில்லை. எங்கள் ஊரில் என் பெயர் எனக்கு மட்டும்தானே சொந்தம்?

பிக்னிக்கில் கொடுத்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். யாரோ ஃபோனில் படமெடுத்துக் குழுவில் போட்டார்கள். நாலாவது நாள் அந்த மருத்துவமனையின் அறங்காவலர்களிடம் இங்கிலீஷ் பக்கம் போய்விட்டது. அவர்கள் வக்கீலைக் கேட்டார்கள். வக்கீல், வெளிநாட்டுப் பிள்ளைகள் யாரையும் சம்பளமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டாம், வம்பு என்று சொல்லிவிட்டார். டோரீன் அம்மா கிளாராவைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, இனி என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னாளாம். நேபாளத்துப் பெண் ஒருத்தியும் அங்கே அப்படி வேலை பார்த்தாள். அவளையும் நிறுத்திவிட்டார்கள். அவளுக்காகவும் சேர்த்துத்தான் நான் எழுதினேன்.

இன்னொன்றும் பிறகு தெரிந்தது. அந்த டோரீன் அம்மாவும் பதினோரு வருஷமாகச் சம்பளம் வாங்காமல்தான் வேலை பார்க்கிறாளாம். டாக்டர்களும் அப்படித்தானாம். நோட்டீஸில் அவளை நான் முதலாளியம்மா என்று எழுதியிருந்தேன். சரி, அவள் வாங்காதது அவள் இஷ்டம். கொள்கை கொள்கைதான்.

அன்றைக்குக் கிளாரா வீட்டுக்கு வந்து கத்தவில்லை, அழவில்லை. பையை வைத்தாள், கை கழுவினாள், எனக்குச் சோறு போட்டாள். பிறகு நோட்டீஸை விரித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இது யாருப்பா?"

"நான்தான். வேற யாரு?"

"இந்த ஊர்ல இது நான்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் கணக்கு திரும்ப ஓட ஆரம்பித்தது. அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. ஊரிலிருந்து வரும்போது ஒரு தினசரிக் காலண்டர் கொண்டுவந்திருந்தேன், ஒவ்வொரு நாளும் தாள் கிழிக்கிற காலண்டர். இப்போது கிழிக்கக் கை வரவில்லை. தபால் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டால் ஜன்னல் திரையை இழுத்து மூடுகிறேன். கதவை யாராவது தட்டினால் குளியலறைக்குள் போய்விடுகிறேன். போன வாரம் தட்டினது பக்கத்து வீட்டுக்காரி, எங்கள் வீட்டுப் பார்சல் அவள் வீட்டுக்குப் போய்விட்டதாம். அரை மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளேயே நின்றேன். மறியலில் போலீஸ் குதிரை ஏறி வந்தபோது நகராத ஆள் நான்.

பிறகு அந்தக் காரியத்தைச் செய்தேன். கொடுத்த நோட்டீஸைத் திரும்ப வாங்கக் கிளம்பினேன். ஒட்டின நோட்டீஸை நானே கிழித்தது ஆயுளில் கிடையாது. தமிழ்ச் சங்கத்துச் செயலாளர், மளிகைக் கடை, கோயிலில் சாப்பாட்டு நேரம், ஒவ்வொருவராகக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், கொடுத்ததை வாங்கிப்போகிற கட்சியை இப்போதுதான் பார்க்கிறேன் பெரியவரே என்றார். ஒரு வீட்டில் வடைக்கு எண்ணெய் வடிய அடியில் போட்டிருந்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன். நாற்பத்தொன்று கைக்கு வந்தது. பத்தொன்பது வரவில்லை. ஃபோனில் இருப்பதை என்ன செய்ய, அது போனது போனதுதான். காகிதத்தையாவது தேடுகிறேன்.

இந்த வேலைக்குப் போன வாரம்தான் அழைப்பு வந்தது. இருந்தவர் திடீரென்று விலகிவிட்டாராம், உடனே ஆள் வேண்டுமாம், அவள் வேலை அட்டை ஒரு வருஷத்துக்குத்தான் என்றாலும் பரவாயில்லையாம். லாரி ஓட்டுகிற அந்தப் பெரியவருடைய தங்கச்சி இங்கே வேலை பார்க்கிறாளாம், அவள் சொல்லித்தான். கடிதத்தைக் கிளாரா மேஜையில் வைத்திருந்தாள். மேலே பச்சை இலை முத்திரை. எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். உங்கள் கழுத்து ஞாபகத்துக்கு வந்தது. மோர்ப் பானை ஞாபகத்துக்கு வந்தது. அறுபதில் ஒன்று இந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கிறது.

அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. இன்று எண்பத்தாறாவது நாள். காலையில் நான் செருப்பை மாட்டினபோது வேண்டாம் என்றாள்.

"நீங்க வரவே வேண்டாம்பா. வீட்லயே இருங்க. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாதீங்க."

"நான் என்னம்மா பேசப் போறேன்?"

"அதாம்பா எனக்குப் பயமா இருக்கு. அந்த நாள் கணக்கைவிட உங்களை நினைச்சாதான் பயமா இருக்கு."

அவளுக்கு நாள் நெருங்க நெருங்க மனசு குழம்பியிருக்கிறது. இல்லாவிட்டால் அப்பாவைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? அவள் பஸ் ஏறினதும் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். அவள் வெளியே வந்தால் இந்த விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றுகொள்வேன். இன்று புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகுகாலம். அதற்குள் நல்ல முடிவோடு வெளியே வந்துவிட வேண்டும். நான் ராகுகாலம் பார்த்தேன் என்று திண்டுக்கல்லில் யாருக்கும் தெரியக்கூடாது.

இப்போது சொல்லுங்கள் தம்பி. அந்தக் காகிதம் எங்கே? வீட்டிலா? துவைக்கப் போட்ட சட்டையிலா? குப்பையில் போட்டுவிட்டேன் என்றால் கூட வருத்தப்பட மாட்டேன். நல்லது என்பேன்.

படித்தீர்களா? முழுவதுமா? இரண்டு பக்கமும்?

...உள்ளே ஒட்டியிருக்கிறீர்களா.

நில்லுங்கள். எனக்குக் காதில் சரியாக விழவில்லை. எந்த மாடி என்றீர்கள்? மூன்றில், லிஃப்டுக்கு எதிரே, ஊழியர்கள் காபி எடுக்கிற இடத்து அறிவிப்புப் பலகையிலா. இங்கிலீஷ் பக்கம் வெளியே தெரிகிற மாதிரியா. இன்று காலையிலும் இருந்ததா.

உங்கள் மேல் கோபம் இல்லை. எனக்கே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அட்டை மஞ்சள், மற்றவர்கள் கழுத்தில் நீலம். வந்து உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் கவனித்துவிட்டேன். நீங்கள் ஒப்பந்தத் தொழிலாளி. ஆறு வருஷமாகவா? ஆறு வருஷமாக மஞ்சளா? அப்படியானால் படித்ததும் ஒட்டத்தான் தோன்றும். என் நோட்டீஸைப் படித்துவிட்டு ஒரு ஆள் தானாகக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும் என்றுதான் நாற்பது வருஷம் எழுதினேன். அது நடந்திருக்கிறது. எங்கே வந்து நடந்திருக்கிறது பாருங்கள்.

யாரோ பேனாவால் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறார்களா? எந்த வரிக்கு? ஒரு சொட்டு இரத்தம் வருகிறதே, அதற்கா? இங்கிலீஷில் அது சரியாக வந்திருந்ததா?

சரி. அதை விடுங்கள். மணி பதினொன்று ஐம்பது.

தம்பி, உங்கள் அட்டையைத் தேய்த்தால் அந்தக் கதவு திறக்கும், என்னால் போக முடியாது. பேட்டி முடிந்தால் தேர்வு நடத்துகிறவர்கள் இவளைக் காபி சாப்பிடலாம் வா என்று அழைத்துப்போனாலும் போவார்கள். வாசலில் எழுதிக் குத்திவிடுகிற பெயர் இவள் சட்டையில் இருக்கும். பலகையில் அதே பெயர் இருக்கிறது. நீங்கள் இப்போதே உள்ளே போங்கள். அந்த நோட்டீஸில் கடைசி வரி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் கிழித்துவிடுங்கள். கத்தரி தேட வேண்டாம், நகத்தால் அழுத்தி மடித்து இழுத்தால் நேராக வந்துவிடும். துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

மேலே உள்ளது இருக்கட்டும். அது உண்மைதானே? கோடு போட்டவர் இன்னொரு தரம் வந்து பார்ப்பார்.

போங்கள், தம்பி, ஓடுங்கள். யார் எழுதினது என்று யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். மொட்டை நோட்டீஸ். பெயர் போடப் பயந்தவன் எவனோ எழுதினது என்று சொல்லுங்கள்.